கச்சானுக்குப் பயந்து மலை ஏறிய கதை

ஜூலை 11, வெள்ளி – கண்டி, பிலிமத்தலாவை

மட்டக்களப்பில் கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டால் மத்தியானத்தில் வீட்டுக்குள்ளும் இருக்க ஏலாது, வெளியிலும் இருக்க ஏலாது. (வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம்: எங்களிடம் இரண்டு கச்சான் உண்டு. ஒன்று கடதாசிச் சுருளில் கட்டித் தருவது, நீங்கள் வேர்க்கடலை என்பது. மற்றது ஆனி ஆடியில் மேற்கே இருந்து வரும் வறட்டுக் காற்று. நான் திட்டுவது இரண்டாவதை.) போன கிழமை படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் சுட்டது. பேராதனையில் பௌதிகம் படிக்கும் மருமகள், அக்காவின் மகள், போனில் சொன்னாள்: “மாமா, இஞ்ச ராவைக்குப் போர்வை வேணும்.” அவ்வளவுதான், பையைக் கட்டிவிட்டேன்.

பைக்குள் ஒரு உடைந்த மூசையையும் (உலோகம் உருக்கும் கிண்ணம்) வைத்தேன். அப்பா தங்க வேலை செய்தவர். அவருடைய தகரப் பெட்டியை இந்த வருடம்தான் திறந்தோம். குறடு, ஊதுகுழல், கட்டியாகிப்போன வெண்காரம், உமியோட்டில் ஒரு துண்டு, அடியில் வெடித்த ஒரு சின்ன மூசை. அதே அளவில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று பட்டது. எதற்கு என்று மனைவி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மகியங்கனை வழியாக வந்த பஸ் பதினெட்டு வளைவில் ஏறும்போது பின் சீட்டில் ஒரு சின்னப் பிள்ளை வாந்தி எடுத்தது. அதன் தாய்க்குப் பெரிய வெட்கம். சுற்றி இருந்த எல்லோருக்கும் தோடம்பழம் உரித்துக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. மூன்று சுளை எனக்கும் வந்தது.

கண்டியில் மருமகளைக் கூட்டிக்கொண்டு நேரே பிலிமத்தலாவை. கொழும்பு வீதியின் இரண்டு பக்கமும் பித்தளைக் கடைகள். உச்சியில் சேவல் நிற்கும் குத்துவிளக்குகள் வரிசையாக. சாண் உயர விளக்கு 4,500 ரூபா. விளக்கு வேண்டாம், மூசை வேண்டும் என்றதும் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார். எனக்குச் சிங்களம் அரைகுறை, மருமகள்தான் வாய்.

பின்பக்கம் தாழ்வாரத்தில் நிலத்தைத் தோண்டி வைத்த உலை. உள்ளே சிரட்டைக் கரி. அப்பா கன்னம் உப்ப ஊதிய வேலையை இங்கே சின்ன மின்விசிறி ஒன்று செய்கிறது. கரியின் நடுவே கறுப்பு மூசை, அதற்குள் செம்பு. வார்ப்பவருக்கு என் வயது இருக்கும். வெப்பமானி எதுவும் இல்லை. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்பாவிடமும் இருக்கவில்லை. அவருக்குப் பூக்கள்தான் வெப்பமானி. முதலில் இருட்டில் மட்டும் தெரியும் மங்கல் சிவப்பு. அது கிட்டத்தட்ட 525 பாகையில் எந்தப் பொருளிலும் வரும். அப்புறம் செவ்வரத்தம்பூ. அதைத் தாண்டினால் பூசணிப்பூ, அங்கேதான் வெள்ளி 962இல் இளகும், தங்கம் 1,064இல். “முருங்கைப்பூ கண்டால் மூசையைக் கவனி” என்பார். அந்த வெண்மஞ்சளுக்கு அவருடைய உமி உலை வந்ததேயில்லை.

செம்பு உருகுவது 1,085 பாகையில். பித்தளைக்குச் சேர்க்கும் நாகமோ (துத்தநாகம்) 907இலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் நாகம் கடைசியில்தான் போகும், போனதும் அவசரம். அவர் ஒரு கட்டியைக் குறட்டில் பிடித்து உள்ளே அமுக்கினார். பச்சையும் வெள்ளையுமாக ஒரு சுவாலை எழுந்தது. அதன் மேலிருந்து இலவம் பஞ்சு மாதிரி வெள்ளைத் துகள் பறந்து என் மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது. அது எரிந்த நாகம். அதைச் சுவாசித்தால் இராத்திரிக்குக் காய்ச்சல் வரும். வார்க்கிற நாளில் பால் குடிப்பேன் என்றார். பால் என்ன செய்யும் என்று மருமகள் கேட்க வாயெடுத்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பிறகு அவர் உடைந்த போத்தல் கண்ணாடியை ஒரு பிடி உள்ளே தூவினார். அது உருகி மேலே ஆடை மாதிரிப் படர்ந்ததும் புகை அடங்கியது. அப்பாவின் வெண்காரம் செய்த வேலைதான்: மேலே ஒரு மூடி.

மூசை கிடைத்தது, 2,800 ரூபா. காரீயமும் (ஈயம் அல்ல, பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட்டு) களிமண்ணும் சேர்த்துச் செய்தது. வெளிநாட்டுச் சரக்கு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கேகாலைப் பக்கம் போகல சுரங்கமும், குருநாகல் பக்கம் கஹட்டகஹ சுரங்கமும் தோண்டுவது இதே காரீயத்தைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் பட்டர்சீயில் மோர்கன் கம்பனி செய்த மூசைகளுக்கு இலங்கைக் காரீயம் கப்பல் கப்பலாகப் போனது. சாதாரண அமுக்கத்தில் காரீயம் உருகுவதேயில்லை. 3,600 பாகைப் பக்கம் நேரே ஆவியாகும். ஆனால் காற்றுப் பட்டால் எரியும், அது கரியின் பிறவிக் குணம். அதற்குத்தான் களி.

இரவு முட்டை அப்பம், ஒன்று 120 ரூபா. போர்வை தேவைப்படவில்லை. கண்டி என்னை ஏமாற்றிவிட்டது.

ஜூலை 12, சனி – தலவாக்கலை

இன்றைய கூத்துக்கு நானே காரணம். ரயில் சீட்டை 13ஆம் திகதிக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். பேராதனைச் சந்தியில் நிற்கும்போது மருமகள் போனை வாங்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு வந்தோம். நாவலப்பிட்டி தாண்டியதும் ஒரு பையன் எழுந்து, “அங்கிள், நீங்க இருங்க” என்றான். அறுபது வயதை முதன்முதலாக அந்தக் கணத்தில் ஒப்புக்கொண்டேன். இறால் வடை நாலு 200 ரூபா. பின்னாலேயே “கச்சான்! கச்சான்!” என்று ஒருவர் வந்தார். “மாமா, நீங்க பயந்து ஓடிவந்தது பின்னாலேயே வருகுது” என்றாள் மருமகள். முதல் முறை சிரித்தேன். பிறகு நாளுக்கு மூன்று தரம் அதையே சொன்னாள்.

ஹட்டனுக்குப் பிறகு மழை. தொண்ணூறுகளில் நான் தலவாக்கலையில் மூன்று வருடம் படிப்பித்தேன். அப்போது எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர் இப்போது ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) டீமேக்கர். ஸ்டேசனுக்குக் குடையோடு வந்திருந்தார். என் பையை நான் தூக்க விடவில்லை. “சார் வந்திருக்காரு, சார் வந்திருக்காரு” என்று வழியில் கண்ட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஊரில் ‘சேர்’, இங்கே ‘சார்’. சொல்லுகிற விதத்தில் இங்கே மரியாதை கொஞ்சம் கூடத்தான்.

ஸ்டோரின் பின்பக்கம் விறகு மலை. யூகலிப்டஸை இங்கே டர்பன்டைன் மரம் என்கிறார்கள். உலைவாய்க் கதவைத் திறந்ததும் முகம் பொசுங்கியது. உள்ளே நல்ல பூசணிப்பூ நிறம். ஆனால் தேயிலைக்கு இந்த நெருப்பு தெரியவே கூடாது. இரும்புக் குழாய்களுக்குள் புகை ஓடுகிறது, குழாய்களுக்கு வெளியே சுத்தமான காற்று ஓடிச் சூடாகி ட்ரையருக்குள் போகிறது. ஒரு குழாயில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் அன்றைய தூள் முழுக்கப் புகை வாடை. ட்ரையரின் வாயில் காற்று 95 பாகைப் பக்கம். வெளியே போகும்போது 50ஐச் சற்றுத் தாண்டி. இருபது நிமிடத்தில் இலை ஈரமெல்லாம் போய் மூன்று சதவீதத்துக்கு வரவேண்டும்.

“ஆயிரம் பாகை நெருப்பை வைச்சுக்கொண்டு நூறுக்குக் கீழதானா?” என்றேன்.

“சார், சூடு ஏத்துறதுக்குப் படிக்கவே வேணாம். விறகப் போட்டா ஏறும். அஞ்சு டிகிரி கூடுனா மேல காஞ்சி உள்ள பச்சையா நிக்கும். அஞ்சு கொறஞ்சா வெந்து போயிரும். ராவு முழுக்க அதே எடத்துல நிறுத்தணும், அதுக்குத்தான் நான்.”

கடைசி வாங்கு மாணவர். எனக்கு ஒருபோதும் இப்படிப் பாடம் எடுக்க வந்ததில்லை.

விறகு போடும் அண்ணர் ஒருவர் கதவைக் காலால் தட்டித் திறந்து, கட்டையை எறிந்து, மூடினார். மூன்று வினாடி இருக்காது. கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு வினாடியும் குளிர் காற்று உள்ளே போய் வெப்பமானி முள்ளைக் கீழே இழுக்கிறது. அவர் கண் கட்டையில் இல்லை, முள்ளில்.

டீமேக்கர் வீட்டில் அவருடைய அம்மா சுடச்சுடத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். “சாப்பிடுங்க சார், மாசி போட்டிருக்கேன், காரம் பாத்துக்கங்க.” காரம் பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை, மூன்று ரொட்டி போய்விட்டது. கிளம்பும்போது இஞ்சிப் பிளேன்டியை ஒரு பழைய பிளாஸ்க்கில் ஊற்றிக் கையில் திணித்தார். சிவப்புப் பூப் போட்ட சீனத்துப் பிளாஸ்க். “திரும்பிப் போறப்ப குடுத்துட்டுப் போங்க” என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 13, ஞாயிறு – நுவரெலியா

குளிர் கிடைத்தது. கேட்டதற்கு மேலே.

விடுதி அறை 7,500 ரூபா; “சுடுநீர் உண்டு” என்று கதவில் எழுதியிருக்கிறது. உண்டு, நாலு நிமிடத்துக்கு. தலையில் சவர்க்காரம் போட்ட பிறகு போய்விட்டது. குதித்துக்கொண்டு வெளியே வந்தால் முன்னறையில் சுவரோடு கட்டிய கணப்பு. ஒரு கட்டு விறகு 1,500. விறகுக்குத் தனிக் காசா என்று கேட்டதற்கு முகாமையாளர் மிக மரியாதையாக, “நெருப்பு இலவசம் சேர், விறகுக்குத்தான் காசு” என்றார்.

தட்டானின் மகன் நெருப்பு மூட்டுவதில் தோற்ற கதையை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். ஒன்றரை மணித்தியாலம். இரண்டு பழைய பத்திரிகை, ஒரு மெழுகுதிரி, மருமகளின் குறிப்புப் புத்தகத்தில் எட்டுத் தாள். கட்டையின் முனையில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது, நெருப்பு வரவில்லை. ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க இரண்டரை மெகாஜூலுக்கு மேல் வேண்டும். ஈரக் கட்டை தன் சூட்டையெல்லாம் தன் தண்ணீருக்கே செலவழிக்கிறது. அறை முழுக்கப் புகை. யன்னலைத் திறந்தோம், இருந்த கொஞ்சச் சூடும் போனது.

அப்போதுதான் பிளாஸ்க் ஞாபகம் வந்தது. நேற்றுப் பின்னேரம் ஊற்றிய தேநீர். திறந்தால் ஆவி. இவ்வளவு நேரம் கழித்தும் நாக்கைச் சுட்டது.

மருமகள் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டே, தான் கடைசி வருட ஆய்வுக்கு எடுக்க நினைக்கும் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள்: அணுக்கரு இணைவு, சூரியனைப் போலச் சின்ன அணுக்களைச் சேர்த்துச் சக்தி எடுப்பது. சூரியனின் நடுவில் 1.5 கோடி பாகை. மனிதர்கள் டோக்கமாக் என்ற வளைய வடிவக் கலத்துக்குள் அதைப் போலப் பத்து மடங்கு, 15 கோடி பாகை, உண்டாக்குகிறார்கள்.

“எதால அடுப்பு?” என்றேன். “எதில ஊத்தி வைக்கிறது? காரீயம் 3,600இல போயிரும். தங்குதன் 3,422.” (டங்ஸ்டனைத்தான் எங்கள் பாடப்புத்தகம் தங்குதன் என்கிறது. மற்ற உலோகமெல்லாம் ஓடிப்போன பிறகும் தங்குவதால் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.)

“ஊத்தி வைக்கிறேல்ல மாமா. தொடாமப் பிடிச்சு வைக்கிறது.”

ஐதரசனின் இரண்டு பாரமான வகைகளை வெற்றிடக் கலத்துக்குள் மிக மெல்லிதாக விடுவார்களாம். காற்றைவிட இலட்சம் மடங்குக்கும் மேல் ஐதானது. பிரான்சில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் கலத்தின் கொள்ளளவு ஒரு பெரிய வீட்டுக்குச் சமம். அதற்குள் இருக்கப்போகும் எரிபொருள் ஒரு கிராம்கூட இல்லை. முதலில் அதற்குள்ளேயே மின்னோட்டம் பாய்ச்சுவது, மின்னடுப்பின் கம்பிச் சுருள் சூடாவது மாதிரி. ஆனால் சூடாகச் சூடாக அதன் தடை குறைந்துகொண்டே போகும். இரண்டு மூன்று கோடிக்கு மேல் அந்த வழி ஏறாது. அதற்குப் பிறகு வேகமாக்கிய அணுக்களை வெளியே இருந்து உள்ளே அடிப்பார்கள், ஆறிய தேநீரில் கொதிநீர் ஊற்றுவது மாதிரி. கூடவே வானொலி அலைகளாலும் சூடேற்றுவார்கள். மைக்ரோவேவ் அடுப்பின் பெரியண்ணன்.

“சுவரில பட்டா?”

“சுவர் உருகும் எண்டு எல்லாரும் நினைக்கிறது. அதுக்கு முதல் அதுதான் செத்துப்போகும். அவ்வளவு மெல்லிசு. தொட்ட உடன ஆறிப்போயிரும்.”

அதனால் காந்தப் புலத்தால் கட்டிப்போடுகிறார்கள். அந்தக் காந்தங்கள் வேலை செய்ய மைனஸ் 269 பாகைக் குளிர் வேண்டும். 15 கோடிக்கும் மைனஸ் 269க்கும் இடையில் சில மீற்றர்தான். இரண்டு பக்கமும் வெற்றிடம். “பிளாஸ்க் மாதிரி” என்றேன். “பிளாஸ்க்கேதான். 1892இல டியூவர் எண்ட விஞ்ஞானி குளிரைப் பிடிச்சு வைக்கத்தான் இதைச் செய்தவர், தேத்தண்ணிக்கு இல்ல.”

சுவரில் இருந்து துளித் தங்குதன் தூசி உள்ளே போனாலும் அது சூட்டையெல்லாம் ஒளியாகக் கக்கிக் கலத்தை ஆற்றிவிடுமாம். நான் கணப்பில் நுரை தள்ளிய கட்டையைப் பார்த்தேன். சரி, அவர்களுக்கும் விறகு ஈரம்தான்.

எவ்வளவு நேரம் பிடித்து வைத்தார்கள் என்று கேட்டேன். 2025 பெப்ரவரியில் பிரான்சில் வெஸ்ட் என்ற கருவி 1,337 வினாடி, அதாவது இருபத்திரண்டு நிமிடம். அது 5 கோடி பாகையில். இங்கிலாந்தின் ஜெட் 2023இல் ஐந்து வினாடியில் 69 மெகாஜூல் சக்தி எடுத்தது. அதற்குச் செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம். நான் கடதாசியில் கணக்குப் போட்டேன்: காய்ந்த விறகு நாலு கிலோ. எங்கள் 1,500 ரூபாக் கட்டு அதைவிடப் பெரியது, ஆனால் எரியவில்லை. அவர்களும் சூடேற்றுவதற்கு உள்ளே போட்டது வெளியே வந்ததைவிட அதிகமாம். ஆளுக்கொரு சிக்கல்.

ஜெனீவாவில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டு 2012இல் அளந்தது ஐந்தரை இலட்சம் கோடி பாகை என்றாள். அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் வரவில்லை. மத்தாப்பைப் பார்ப்பது வேறு, சோறு ஆக்குவது வேறு. அவள் கோபித்துக்கொண்டு படுக்கப் போனாள். நான் இரண்டு போர்வை, ஒரு துவாய், காலுறை இரண்டு சோடியோடு படுத்தேன். காலையில் போகும்போது சந்தையில் கரட் வாங்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள் – பெலிஹுல் ஓயா, சமனலவெவ

வெலிமடை, ஹப்புத்தளை, பெரகல என்று பஸ் மாறி மாறி இறங்கினோம். நுவரெலியாவில் மூடுபனி, வெலிமடையில் வெயில், ஹப்புத்தளை முடுக்கில் தொப்பியைப் பறிக்கும் காற்று. என் தொப்பி நிஜமாகவே போனது. ஒரு பாடசாலைப் பையன் மதகுக்குள் இறங்கி எடுத்துத் தந்தான். இருபது ரூபா நீட்டினேன், வாங்கவில்லை. கரட் ஒன்று கேட்டான்.

இன்று பார்க்க வந்தது கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை. சமனலவெவ அணை கட்டுவதற்கு முன் இந்த மலைச்சரிவுகளில் ஆய்வு செய்த தொல்லியலாளர் ஜில் ஜுலெப், மேற்குப் பார்த்த மேடுகளில் வரிசை வரிசையாக இரும்பு உருக்கிய உலைகளின் அடிப்பாகங்களைக் கண்டார். ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை வேலை செய்தவை. துருத்தி இல்லை, ஊதுகுழல் இல்லை. ஆனி ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று மட்டும். கச்சானேதான்!

இப்படி உலை எரியும் என்று பலர் நம்பவில்லை. 1994இல் அதே மாதிரி உலைகளை அங்கேயே கட்டி, அதே காற்றில் எரித்துக் காட்டினார். உள்ளே வெப்பநிலை 1,500 பாகைக்குக் கிட்டப் போனது, காபன் கூடிய உருக்கும் வந்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வெளியானது. அப்பா தன் முழு மூச்சையும் கொடுத்து 1,064ஐத் தொட்டவர். இவர்கள் மலையில் ஒரு சுவரைக் கட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்படியில்லை என்பது காற்றில் நின்ற பிறகு புரிந்தது. நீர்த்தேக்கத்தைப் பார்த்த ஒரு மேட்டில் ஓட்டோ எங்களை இறக்கியது (போக வர 4,000 ரூபா). காற்று சீராக வருவதில்லை. தள்ளும், விடும், மறுபடி தள்ளும். இப்படிப்பட்ட காற்று நேரே உலைக்குள் புகுந்தால் ஒரு நிமிடம் முருங்கைப்பூ, மறு நிமிடம் கரி. உலையின் முன்சுவர் அதற்குத்தான். காற்று அந்தச் சுவரின் உச்சியைத் தாண்டி ஓடும்போது சுவருக்குப் பின்னால், கரியின் மேல், அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவுதான் சுவரின் அடியில் வைத்த களிமண் குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றின் முரட்டுத்தனம் மேலே போய்விடும். உலைக்குக் கிடைப்பது சீரான மூச்சு.

எனக்கு இது சட்டென்று பிடிபடவில்லை. மருமகள் இளநீர்க் கடையில் வாங்கிய குழலைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் நிறுத்தி, அதன் மேல்வாயின் குறுக்கே இன்னொரு குழலால் ஊதினாள். உள்ளே தண்ணீர் விரலளவு ஏறிச் சிதறி என் சட்டையில் பட்டது. “விளங்கிச்சா சேர்?” என்றாள். இரண்டாம் நாளாகப் பாடம் எனக்கு.

உலை எதையும் காணவில்லை. நிறைய இடங்கள் தண்ணீருக்குள். திரும்பும் வழியில் ஒரு தோட்டக்காரப் பெரியவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். மருமகள் சொன்னாள். அவர் சிரித்து, “யபொர” என்று தன் வேலியடியைக் காட்டினார். கறுப்பாக, பாரமாக, பாகு வழிந்து உறைந்தது போன்ற கட்டிகள். இரும்புக் கிட்டம், உருக்கும்போது ஒதுங்கும் கழிவு! ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். மேலே வழிந்த கோடுகள் அப்படியே இருந்தன, குமிழ் வெடித்த குழிகளும். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒருநாள் பின்னேரம் இது திரவமாக ஓடியிருக்கிறது. பைக்குள் போடப் பார்த்தேன். “மாமா, வையுங்கோ” என்றாள். வைத்தேன். பெரியவர் எங்களுக்குப் பிளேன்டியும் ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தார், காசு என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

ஆனந்த குமாரசுவாமியைக் கலை ஆய்வாளராகத்தான் நம்மவர்களுக்குத் தெரியும். அவர் முதலில் இந்தத் தீவின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்தவர். 1900களின் தொடக்கத்தில் இங்கே பலாங்கொடைப் பக்கத்து ஹத்தரபாகேயில் கடைசி இரும்பு உருக்குவோரைப் பார்த்து எழுதிவைத்தார். அவர்களிடம் காற்றுலை இல்லை. ஒருவர் தோல் துருத்தி இரண்டின் மேல் ஏறிக் கால் மாற்றிக் கால் மாற்றி மிதிப்பார். இடையில் எப்போதோ காற்றைப் பிடிக்கும் வித்தை கைவிட்டுப் போயிருக்கிறது.

இப்போது அந்த வாக்கியம். ஓட்டோவில் ஏறும்போது பிளாஸ்க் என் கக்கத்திலிருந்து நழுவியது. வெளியே ஒன்றும் ஆகவில்லை, பூக்கூட அழியவில்லை. உள்ளே மட்டும் ‘சளுக்’. திறந்து கவிழ்த்தால் வெள்ளிப் பூச்சுக் கண்ணாடித் தூள் மீன் செதில் மாதிரிக் கொட்டியது. இரண்டு நாளாகச் சூட்டைக் காத்தது அந்த மெல்லிய இரண்டு கண்ணாடிச் சுவரும் நடுவில் இருந்த ஒன்றுமில்லாததும்தான். அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது?

ஜூலை 15, செவ்வாய் – பலாங்கொடை

காலையில் கடை கடையாகப் பிளாஸ்க் தேடினேன். சிவப்புப் பூ இல்லை. நீலப் பூ, 3,200 ரூபா.

ஓட்டோக்காரர் சொன்ன ஒரு நானா, கல் சுடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. “உள்ளுக்கு வாங்க, ஆனா படம் எடுக்க வாணாம்” என்றார். முதலில் தேத்தண்ணி, பிறகுதான் பேச்சு.

இங்கே ஆற்றுச் சல்லியில் கெவுடா என்று பால் நிறக் கல் வரும். முன்பு யாரும் மதிப்பதில்லை. பூச்சாடிக்குள் போட்ட கல் என்றார் நானா. எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போன பிறகுதான், சுட்டால் நீலமாகும் என்று ஊருக்குத் தெரிந்தது. கல்லுக்குள் மயிரிழையாகக் கிடக்கும் டைட்டேனியம் ஒக்சைட்டுதான் அந்தப் பால் நிறம். 1,500 பாகைக்கு மேலே, 1,800 வரைகூட, காற்றைக் குறைத்து மணிக்கணக்கில் வைத்தால் அந்த இழைகள் கல்லுக்குள்ளேயே கரையும். டைட்டேனியம் அங்கே இருக்கும் இரும்போடு சேர்ந்து நீலம் பிறக்கும்.

நேற்று இரவு முழுக்க வாயுவும் ஒட்சிசனும் விட்டுச் சுட்டு, விடிய அணைத்த உலை. பக்கத்தில் நின்றால் பேக்கரிச் சூடு. கல் இருக்கும் மூசை அலுமினா (அலுமினியம் ஒக்சைட்டு). நான் கொஞ்சம் யோசித்தேன்: நீலக்கல்லும் அலுமினாதான். 2,050 பாகையில் உருகும் பொருளை அதே பொருளால் செய்த சட்டிக்குள் வைத்து 1,800இல் சுடுகிறார். என் பிலிமத்தலாவை மூசையைக் காட்டினேன். விரலால் சுண்டிப் பார்த்தார். “தங்கத்துக்குச் சோக்கான சாமான். இதுக்குக் காணாது.”

திறந்து காட்டச் சொல்லிக் கெஞ்சினேன்.

“நாளை மறுநாள் பகல் வரைக்கும் கை வைக்க மாட்டேன். சூடாக்கினது ஒரு ராத்திரி, ஆற விடுறது ரெண்டு. அவசரப்பட்டா கல்லு வெடிச்சிரும். என்ட வாப்பா ஒரு தரம் அவசரப்பட்டார், ஒரு வீடு போச்சு.”

சல்லியில் வேறென்ன வரும் என்று கேட்டேன். கறுப்பாக, சின்னதாக, ஆனால் ஈயம் மாதிரிப் பாரமான கல் சிலநேரம் வரும் என்றார். எனக்குப் பளிச்சென்றது. 1904இல் குமாரசுவாமி இந்தப் பக்கத்துச் சல்லியிலிருந்து கண்டெடுத்த கனிமத்துக்குத் தோரியனைட் என்று பெயர். முக்கால்வாசி தோரியம் ஒக்சைட்டு. ஒக்சைட்டுகளில் அதைவிட உயர்ந்த உருகுநிலை எதற்கும் இல்லை, 3,300 பாகைக்கு மேல். பெற்றோல்மாக்ஸ் விளக்கின் மென்றல், பட்டுச் சாக்கு மாதிரி இருக்குமே, அது எரிந்து சாம்பலான பிறகு விரல் பட்டால் உதிரும் வெள்ளைக் கூடு, அந்தக் காலத்தில் அதுவும் இதே தோரியம்தான். சின்ன வயதில் கலியாண வீட்டில் அதைத் தொட்டு உதிர்த்துவிட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். பந்தல் முழுக்க இருட்டு. அடி நியாயமானதுதான்.

பின்னேரம் பதுளைப் பஸ். மருமகள் பண்டாரவளையில் இறங்கி ரயிலில் பேராதனைக்கு. நீலப் பூப் பிளாஸ்க்கை அவள் கையில் கொடுத்தேன், தலவாக்கலையில் டீமேக்கர் ஸ்டேசனுக்கு வந்து வாங்கிக்கொள்வார். “சார், அம்மா கோவிக்கல, ஆனா செவப்புதான் நல்லா இருந்திச்சின்னு சொல்லுது” என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன் – மட்டக்களப்பு

வந்து இறங்கிய அன்றிலிருந்து கச்சான் விடவில்லை. கரட் பாதி வாடிவிட்டது. புது மூசையைத் தகரப் பெட்டிக்குள் ஊதுகுழலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் நானா படம் அனுப்பியிருந்தார். வெள்ளைத் தாளில் ஐந்து கல். இரண்டு அப்படியே பால் நிறம், ஒன்று குறுக்கே வெடித்தது, ஒன்று மங்கல் நீலம். ஐந்தாவது, கடல் ஆழத்தில் தெரியுமே, அந்த நீலம். விலை என்ன நானா என்று கேட்டேன். சிரிக்கும் முகம் ஒன்று மட்டும் வந்தது.